காய்ச்சலில் எடுத்த ஈசிஜியில் கியூ–ரி நீண்டிருக்கிறது: மத்தியதரைக் காய்ச்சல் உள்ள மகளின் இதயத் துடிப்புக்கு ஆபத்தா?

உரும்பிராய் அம்மா எழுதியது:

வணக்கம். எட்டு வயது மகளுக்காக எழுதுகிறேன். ஐந்து வயதிலிருந்து அவளுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வரும். வயிறு பலகைபோல இறுகும், ஒரு முழங்கால் வீங்கும், மூன்றாம் நாள் ஒன்றுமே நடவாதவள் போல எழுந்து முற்றத்தில் விளையாடுவாள். அந்த மூன்றாம் நாளில் எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்குத்தான் எப்போதும் நல்ல பெயர் கிடைத்தது. முதலில் ருமற்றிக் காய்ச்சல் என்று முடிவுசெய்து ஒன்றரை வருடம் நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டோம். பிறகு கொழும்பில் பார்த்த சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவர் காய்ச்சல் வந்த திகதிகளைக் கலண்டரில் குறித்துவரச் சொன்னார். அந்தக் கலண்டரைப் பார்த்த பின்பே மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். குடும்பவழி மத்தியதரைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. ஒரு வருடமாக, அந்தக் காய்ச்சலைத் தடுக்கும் கொல்சிசின் என்ற மருந்து நாளுக்கு 1 மில்லிகிராம் குடிக்கிறாள்; இந்த ஒரு வருடத்தில் காய்ச்சல் மூன்று தடவைதான் வந்திருக்கிறது.

மூன்றாம் தடவைதான் இப்போதைய கவலை. 39.4 பாகை காய்ச்சலோடு வாட்டில் அனுமதித்தபோது நெஞ்சு இடிக்கிறது என்று சொன்னாள். ஈசிஜி எடுத்தார்கள். தாளின் மேல்மூலையில் இயந்திரமே ‘கியூ–ரி–சி 474, நீண்டுள்ளது’ என்று அச்சடித்திருந்தது. வாட்டில் இருந்த இளம் வைத்தியர் அடுத்த கிளினிக்கில் காட்டச் சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இரவில் தேடி வாசித்ததில் ‘திடீர் மரணம்’ என்ற சொல்லுக்கு அப்பால் என்னால் போக முடியவில்லை. இந்த நோய் இதயத்தின் துடிப்பு ஒழுங்கையும் குழப்புமா, அல்லது கொல்சிசின்தான் இதைச் செய்கிறதா?

கொக்குவில் ஈசிஜிக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் வைத்தியர் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக ஈசிஜி எடுப்பவன். நோயைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லட்டும், அந்த 474 எப்படி வந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இயந்திரம் உண்மையில் அளப்பது கியூ–ரி இடைவெளியை. இதயத்தின் கீழறைகள் மின்தூண்டலைப் பெறத் தொடங்குவதிலிருந்து அடுத்த துடிப்புக்குத் தம்மைத் தயார்செய்து முடிக்கும்வரை செல்லும் நேரம் அது. துடிப்பு வேகமானால் இந்த நேரம் இயல்பாகவே சுருங்கும். ஆகவே வெவ்வேறு வேகத்தில் எடுத்த ஈசிஜிகளை ஒப்பிடுவதற்காக ஒரு திருத்தம் செய்கிறார்கள். பெயரின் கடைசியில் வரும் ‘சி’ அந்தத் திருத்தத்தைத்தான் குறிக்கிறது. பெரும்பாலான இயந்திரங்கள் 1920இல் பாசெற் என்பவர் சொன்ன வழியைப் பின்பற்றி, கியூ–ரியை இரு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கின்றன. நிமிடத்துக்கு 60, 70 என்று துடிக்கும் இதயத்துக்கு அது பொருந்தும். காய்ச்சலில் ஓடுகிற பிள்ளையின் இதயத்துக்கு அது தேவைக்கு மேல் திருத்திவிடும்.

தாளைத் தட்டையாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுத்துப் போடுங்கள். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள்.

மானிப்பாய் அப்பா எழுதியது:

எனது மகனுக்கும் இதே நோய். சகோதரி பயப்படத் தேவையில்லை என்று நானும் சொல்ல விரும்புகிறேன், ஆனால் சொல்ல முடியவில்லை. இந்த நோயுள்ள பிள்ளைகளில் பன்னிரண்டு லீட்களுக்கு (இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் ஈசிஜிக் கோடுகளுக்கு) இடையே கியூ–ரி வேறுபடும் அளவு கூடுதலாக இருப்பதாகவும், ஒவ்வொரு துடிப்பின் கடைசி மேடான ரி அலையின் உச்சியிலிருந்து முடிவுவரையான நேரம் நீண்டிருப்பதாகவும், துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்திருப்பதாகவும் ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. காய்ச்சல் இல்லாத நாட்களில் அளந்தபோதே இந்த மாற்றங்கள் தெரிந்தன என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹோல்ரர், அதாவது உடலில் மாட்டி 24 மணிநேரம் பதியும் ஈசிஜி, செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

கொக்குவில் ஈசிஜிக்காரன் எழுதியது:

படம் கிடைத்தது; தெளிவாக இருக்கிறது. இரண்டாவது லீட்டை எடுத்துக்கொண்டேன். தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடியிருக்கிறது, அப்படியானால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெக்கன். துடிப்புக்குத் துடிப்பு சரியாகப் பத்துச் சின்னக் கட்டம், அதாவது 400 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 150 துடிப்பு. கியூ–ரி ஏழரைக் கட்டம், 300 மில்லிசெக்கன். பாசெற் வழியில் 474 வருகிறது; இயந்திரம் கணக்கில் பிழைவிடவில்லை. அதே 1920இல் பிரிடெரிசியா என்பவர் வர்க்கமூலத்துக்குப் பதிலாகக் கனமூலத்தை எடுத்தார். அந்த வழியில் 407 வருகிறது. பிள்ளைகளில் 460ஐத் தாண்டினால் நீண்டது என்று பொதுவாகக் கொள்வார்கள். தாளும் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான்; ஒரு வழியில் நோய், மற்ற வழியில் இல்லை. எந்த வழியும் 150 வேகத்தில் முழுக்க நம்பத்தக்கதல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வேகத்தில் ரி அலை அடியைத் தொடுவதற்கு முன்பே அடுத்த துடிப்பின் முதல் மேடான பி அலை அதன் வாலில் ஏறிவிடுகிறது. ரி எங்கே முடிகிறது என்பதை இறங்குசரிவில் ஒரு கோடு பிடித்துத்தான் ஊகிக்க முடிகிறது. அரைக் கட்டம் தவறினால் பாசெற் கணக்கில் 32 மில்லிசெக்கன் மாறிவிடும். மானிப்பாய் அண்ணா சொல்லும் ஆய்வுகளைப் பற்றி எனக்குள்ள தயக்கமும் இதுதான்: பன்னிரண்டு லீட்டிலும் வால் தேடி அளந்து, கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்தால், அளப்பவரின் கை நடுக்கமும் விடையில் சேர்ந்துவிடும்.

ஒரு கேள்வி. அன்று கொல்சிசினைத் தவிர வேறு என்ன மருந்து குடித்திருந்தாள்?

திருநெல்வேலி மருத்துவன் எழுதியது:

சிறுவர் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவன் என்ற அளவில் எழுதுகிறேன். பிள்ளையைப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது என்பதை முதலில் வைத்துக்கொள்வோம்.

நோயின் வேர் எம்.ஈ.எவ்.வி. என்ற மரபணுவில் இருக்கிறது. 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அந்த மரபணுவை 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அது பைரின் என்ற புரதத்தை உருவாக்குகிறது. வெள்ளணுக்களுக்குள் காவலாளிபோல இருந்து, கிருமி நுழைந்ததை உணர்ந்தால் மணியடிப்பது பைரினின் வேலை. மரபணு மாறியவர்களில் கள்ளன் வராமலே மணி அடிக்கிறது. அப்போது வெளிப்படும் இன்ரர்லூக்கின்–1 என்ற பொருள்தான் காய்ச்சலையும், வயிறு, நெஞ்சு, மூட்டு ஆகியவற்றின் உறைகளில் அழற்சியையும் உண்டாக்குகிறது. அதைத் தொடர்ந்து இன்ரர்லூக்கின்–6 கூடுகிறது, இரத்தத்தில் அழற்சியின் அளவுகோலான சீஆர்பி ஏறுகிறது.

இதயத் துடிப்போடு இதற்குள்ள தொடர்பு கற்பனையல்ல. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசையணு பொற்றாசியத்தை வெளியே விட்டுத் தன்னை மீளத் தயார்செய்கிறது. அதற்கான வாசல்களில் முக்கியமான ஒன்றை இன்ரர்லூக்கின்–6 ஒடுக்குவதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். வாசல் ஒடுங்கினால் தயாராகும் நேரம் நீளும். ஈசிஜியில் கியூ–ரி நீளும். ருமற்றொயிட் மூட்டுவாதம் உள்ள பெரியவர்களில் இன்ரர்லூக்கின்–6 ஐத் தடுக்கும் ஊசி போட்டு அழற்சி அடங்கியபோது கியூ–ரி–சி குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அடங்காத அழற்சி இதயத்தின் மின்னோட்டத்தைத் தொடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அங்கிருந்து ‘மத்தியதரைக் காய்ச்சல் உள்ள பிள்ளைக்குத் துடிப்புக் கோளாறு வரும்’ என்ற இடத்துக்குப் பாய முடியாது. மானிப்பாய் அண்ணா வாசித்த கட்டுரைகள் உண்மையானவை. அவற்றுக்கு எதிரானவையும் உண்மையானவை. கொல்சிசினை ஒழுங்காகக் குடிக்கிற, அமிலொயிட் (நீண்ட அழற்சியால் உறுப்புகளில் தேங்கும் புரதம்) படியாத நோயாளிகளில் வேறுபாடே இல்லை என்று கண்ட ஆய்வுகளும் உள்ளன. வேறுபாடு கண்டவற்றிலும் இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியே பேசப்படுகிறது. இந்தப் பிள்ளைகள் மயங்கி விழுந்ததாகவோ, ஆபத்தான துடிப்பு அவர்களில் கூடுதலாகப் பதிவானதாகவோ அவை சொல்லவில்லை. ஒரு கூட்டத்தின் சராசரி சில மில்லிசெக்கன் தள்ளியிருப்பதும், உரும்பிராயில் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இருப்பதும் வேறு வேறு விடயங்கள். அறிகுறி எதுவும் இல்லாத எல்லாப் பிள்ளைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு ஹோல்ரர் என்பதை என்னால் ஏற்க முடியாது. அதில் வரும் சில்லறை வேறுபாடுகளுக்கு விளக்கம் தேடி, பெற்றோர் பள்ளி விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள்.

நெஞ்சு இடித்தது பற்றி: காய்ச்சல் ஒரு பாகை கூடினால் துடிப்பு நிமிடத்துக்குப் பத்தளவில் கூடும், வலியும் பயமும் அதற்கு மேல். ஆனால் படுத்தால் கூடி, முன்னால் குனிந்து இருந்தால் குறைகிற நெஞ்சுவலி என்றால் சொல்லுங்கள். இதயத்தின் வெளியுறை அழற்சி இந்த நோயில் அரிது, ஆனாலும் வரும். அதற்கு எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், பார்க்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் யாரேனும் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தாலும், ஐந்து கிழமை காத்திருக்க வேண்டாம்.

நல்லூர் வாசகன் எழுதியது:

மத்தியதரைக் கடல் எங்கே, உரும்பிராய் எங்கே? நம் ஊரில் இந்த நோய் எப்படி வந்தது? மேலும், கொல்சிசின் நம் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் இருக்கிறதாம். குளிசைக்குப் பதிலாக அந்தக் கிழங்கை முறைப்படி பக்குவம் செய்து கொடுத்தால் பக்கவிளைவு குறையும் என்று ஒருவர் சொன்னார்.

திருநெல்வேலி மருத்துவன் எழுதியது:

பெயர், அந்த நோய் அடிக்கடி காணப்படும் மக்களை வைத்து வந்தது: ஆர்மேனியர், துருக்கியர், அரபுகள், யூதர். மற்ற இனத்தவரிலும், அரிதாக என்றாலும், இது காணப்படுகிறது. பெற்றோர் இருவரிடமும் மாறிய மரபணு ஒவ்வொரு பிரதி இருந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்களில் அந்த இரு பிரதிகளும் சந்திப்பது சற்று எளிது. அதற்காக வீட்டில் யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

கிழங்கைப் பற்றி மட்டும் கடுமையாகவே எழுதுகிறேன். கார்த்திகைப் பூச் செடியில் கொல்சிசின் இருப்பது உண்மை. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஆனால் ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. குளிசை அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம்தான். வத்தாளங்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்றவர்களையும், உயிரை மாய்க்கத் தின்றவர்களையும் இலங்கை வைத்தியசாலைகள் நன்கு அறியும்: முதல்நாள் வாந்தியும் வயிற்றோட்டமும், பிறகு எலும்புமச்சை, சிறுநீரகம், கடைசியில் இதயத் துடிப்புக் குழப்பம். அளவோடு குடித்தால் கொல்சிசின் கியூ–ரியை நீட்டும் மருந்தல்ல. அளவு மீறினால் நேராக இதயத் தசையையே தாக்கும் நஞ்சு. அந்த அளவு எந்த வழியில் மீறப்படலாம் என்பதுதான் கொக்குவில் அண்ணா கேட்ட கேள்வியின் பொருளும்.

உரும்பிராய் அம்மா எழுதியது:

படுத்தால் கூடுகிற வலி இல்லை, மயக்கம் வந்ததே இல்லை, எங்கள் இரு பக்கத்திலும் அப்படியான இறப்பும் இல்லை.

மருந்து பற்றிக் கேட்டதற்கு நேற்றுப் பதில் எழுத முடியவில்லை, ஏனெனில் எனக்கே தெரியவில்லை. வாட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முதல், தொண்டை நோவும் இருந்ததால், மாலையில் பக்கத்திலுள்ள ஒரு டிஸ்பென்சரியில் காட்டினோம். சின்ன வெள்ளைக் கடித உறை ஒன்றில் குளிசைகள், பெயரில்லாத பிளாஸ்ரிக் போத்தலில் ஒரு பாணி. உறையில் ‘காலை ½, இரவு ½’ என்று பேனாவால் எழுதியிருந்தது. போத்தலில் ‘வாந்திக்கு, 3 வேளை’ என்று மட்டும். இன்று போய்க் கேட்டுப் பெயர்களை எழுதுவித்தேன். குளிசை கிளாரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக், பாணி டொம்பெரிடோன். கொல்சிசின் குடிக்கிறாள் என்று நான் அன்று சொன்ன நினைவு. அவர்கள் சொல்லவில்லை என்கிறார்கள். மறுநாள் இரவிலிருந்து ஏழெட்டுத் தடவை வயிற்றோட்டம் போனது. வாட்டில் எடுத்த இரத்தத்தில் பொற்றாசியம் 3.2 என்று குறைவாக இருக்கிறது.

பருத்தித்துறைத் தாதி எழுதியது:

பிள்ளை, இதை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேர் மரபணுவைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். நான் ஓய்வுபெற்ற தாதி. கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

கொல்சிசினை உடலிலிருந்து கழிக்கும் இரண்டு வழிகளை, ஈரலில் ஒன்றும் குடலின் சுவரிலும் சிறுநீரகத்திலும் உள்ள மற்றொன்றுமாக, கிளாரித்ரோமைசின் அடைத்துவிடும். வழக்கமான குளிசையையே குடித்துக்கொண்டிருக்க, இரத்தத்தில் அது பலமடங்கு ஏறும். இந்தக் கூட்டினால் பெரியவர்கள் இறந்தும் இருக்கிறார்கள், முக்கியமாகச் சிறுநீரகம் பழுதானவர்கள். அந்த வயிற்றோட்டம் தொண்டைக் கிருமியால் வந்ததல்ல, ஏறிய கொல்சிசினால் வந்தது என்றுதான் நான் சந்தேகிப்பேன். வயிற்றோட்டத்தில் பொற்றாசியம் இறங்கும். பொற்றாசியம் இறங்கினால் கியூ–ரி நீளும். டொம்பெரிடோன் தன்பாட்டிலும் கியூ–ரியை நீட்டும், அதையும் ஈரலில் கழிக்க விடாமல் கிளாரித்ரோமைசின் தடுக்கும். கிளாரித்ரோமைசினுக்கே அந்தக் குணம் உண்டு. டொம்பெரிடோனைக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும், இப்படியான மருந்துகளோடு சேர்க்காமல் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2014இல் கட்டுப்பாடு விதித்தது. நம் ஊரில் காய்ச்சலோடு வாந்தி என்றால் அது இன்னும் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது.

மானிப்பாய் அப்பா எழுதியது:

எனது மகனுக்கும் போன வருடம் ஒரு வெள்ளை உறையில் ஏதோ தந்தார்கள். இப்போது யோசிக்கிறேன். ஹோல்ரர் பற்றி நான் எழுதியதைத் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் வீட்டு மருந்துப் பெட்டியைத்தான் இன்று முதலில் பார்த்தேன்.

திருநெல்வேலி மருத்துவன் எழுதியது:

தாதி அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கனமூலக் கணக்கில் 407 வந்ததால் அன்று ஆபத்து இருக்கவில்லை என்று எழுதிவிட முடியாது. எண் எல்லைக்குள் நின்றது; மருந்துகளின் கூட்டு ஆபத்தானதாகவே இருந்தது. சகோதரி, கிளினிக் திகதியை முன்னதாக மாற்றிக் கேளுங்கள். காய்ச்சல் இல்லாத நாளில், மேலதிக மருந்துகள் நின்று ஒரு கிழமையாவது சென்றபின், ஒரு ஈசிஜியும் பொற்றாசியமும் தேவை. அவளுக்குரிய இயல்பு எது என்று அந்த ஈசிஜியில்தான் தெரியும். இனி எடுக்கும் எதையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அமிலொயிட் முதலில் தேடிப்போவது சிறுநீரகத்தைத்தான். சிறுநீரகம் தளர்ந்தால் கொல்சிசினும் தேங்கும், பொற்றாசியமும் குழம்பும், பிறகு இதயம் தானாகவே கதைக்குள் வந்துவிடும். எக்காரணத்தாலும் கொல்சிசினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டாயம் ஒரு அன்ரிபயோற்றிக் தேவைப்படும் நாளில் எதைத் தெரிவது, கொல்சிசினின் அளவைக் குறைப்பதா என்பதை அவளைப் பார்க்கும் வைத்தியர் முடிவு செய்யட்டும்.

உரும்பிராய் அம்மா எழுதியது (மூன்று கிழமைக்குப் பின்):

கிளினிக் திகதியை முன்னுக்கு எடுத்துத் தந்தார்கள். காய்ச்சல் இல்லாமல், காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, படுக்கையில் சிரித்துக்கொண்டே ஈசிஜி எடுத்தாள். துடிப்பு 90, கியூ–ரி எட்டரைக் கட்டம், அதாவது 340. பாசெற் வழியில் 416, மற்ற வழியில் 389. நானே கல்குலேற்றரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பொற்றாசியம் 4.2, சிறுநீரில் புரதம் இல்லை. நிபுணர் ஹோல்ரர் இப்போது வேண்டாம் என்றார். அடுத்த காய்ச்சலில் நெஞ்சு இடித்தால் ஈசிஜியோடு பொற்றாசியத்தையும் பார்க்கும்படி கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார்.

கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: நோயின் பெயர், கொல்சிசினின் அளவு, கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்துகள். போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருமல் என்று அதே டிஸ்பென்சரிக்குத்தான் போனோம். வைத்தியர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, நான் கேட்காமலே, வெள்ளை உறையில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்.

கொக்குவில் ஈசிஜிக்காரன் எழுதியது:

சந்தோஷம் தங்கச்சி. இரண்டு ஈசிஜித் தாளையும் சேர்த்து வையுங்கள். ஆனால் அது வெப்பத்தில் கறுக்கும் தாள். நம் ஊர் வெயிலுக்கும் பிளாஸ்ரிக் உறைக்கும் ஓரிரு வருடத்தில் கோடு மங்கி வெறும் கட்டம்தான் மிஞ்சும். போட்டோக்கொப்பி எடுத்து, திகதியையும் அன்றைய காய்ச்சல் அளவையும் மூலையில் எழுதிவிடுங்கள்.

உரும்பிராய் அம்மா எழுதியது:

முதல் தாளின் ஓரம் இப்போதே மங்கத் தொடங்கியிருக்கிறது அண்ணா. நாளைக் காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சந்தியில் எடுத்துவிடுகிறேன்.